கோப்பைக்குள் மண்

விதையை எதில் போடலாம் என்று கேட்டால், எதுவுமே இல்லாத ஒன்றில் போடு என்பதுதான் இப்போதெல்லாம் கிடைக்கிற பதில். கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கம் கன்று விற்கும் முதியவர் ஒருவர் தும்புத் தூளை விரல்களுக்கிடையில் உதிர்த்துக் காட்டி, “இதுக்குள்ள ஒண்டுமில்ல மகன், அதானே இது நல்லம்” என்றார். அவர் சொன்னதில் பிழை கிடையாது. பொச்சு மட்டையிலிருந்து தும்பை இழுத்தெடுத்த பிறகு உதிர்ந்து கிடக்கும் அந்தப் பழுப்புத் தூளில் நைதரசன் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. களை விதை இல்லை. இளநாற்றை அடியோடு சாய்த்துவிடும் பங்கசும் பெரும்பாலும் இல்லை. இருக்கிற பொட்டாசியமும் உப்பும் கழுவக் கழுவப் போய்விடும். எஞ்சுவது ஈரத்தையும் காற்றையும் பிடித்து வைத்திருக்கும் வெறும் இடம். அந்த இடத்தில் விதை நன்றாகவே முளைக்கிறது. இதில் மனம் சஞ்சலப்பட என்ன இருக்கிறது என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் நாவிதன்வெளியில் வளவுக்குள் எந்த மூலையில் மண்வெட்டியைப் போட்டாலும் கறுத்த களி பாளம் பாளமாகப் புரண்டு வரும். வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டும்வரை வயல். இந்த மண்ணை வைத்துத்தான் இங்கே கலியாணம் பேசுகிறார்கள், இதற்காகத்தான் வழக்காடுகிறார்கள். யுத்த காலத்தில் இதை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது முதலில் தேடியதும் இதன் எல்லைக் கட்டைகளைத்தான். அப்படிப்பட்ட மண் ஒரு கொச்சிக்காய் விதையை முளைக்க வைக்க லாயக்கில்லை என்று ஆகிவிடும்போது எங்கோ ஓரிடத்தில் உறுத்துகிறது. அந்த உறுத்தல் எதைப் பற்றியது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

வீட்டுக்குள் விதை போடுவது குளிர்நாட்டுப் பழக்கம் என்றொரு எண்ணம் உண்டு. பனி விலகும்வரை அங்கே நிலத்தில் கைவைக்க முடியாது. அதனால் சன்னலோரத்திலும் சூடேற்றிய தட்டிலும் தக்காளியை முளைக்க வைத்துக் காத்திருக்கிறார்கள். இங்கே மார்கழியிலும் ஒரு விதை குளிரால் உறங்கிப்போவதில்லை. இங்கே தடை மழைதான். வாடைக்காற்றோடு இறங்கும் மாரி தைவரை நின்று நின்று பெய்யும். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து, ஆற்றுவாழையும் சல்வீனியாவும் பாதையில் ஒதுங்கிக் கிடக்கும் நாட்களில் கல்முனைக்குப் போவதற்கே வழியிருக்காது. அந்த நாட்களில் முற்றத்தில் தூவிய விதை தூவிய இடத்தில் இருப்பதில்லை. ஒரு பலத்த மழை பெய்தால் அரை அங்குல ஆழத்தில் கிடந்த கத்தரி விதை மேலே வந்து மிதக்கும். மழை தப்பினால் எறும்பு, எறும்பு தப்பினால் கோழி. ஆனால் மழை விட்டு நிலம் இன்னும் ஈரமாக இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் வீட்டுத் தோட்டத்துக்கு மிக நல்ல காலம். அந்த நேரத்தில் நாலைந்து கிழமை வயதான நாற்று கையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் நாற்றின் பிள்ளைப் பருவம் முழுவதும் வெள்ளத்துக்குள்தான் கழிகிறது. ஆகவே விறாந்தையின் ஓரத்திலும் குசினி சன்னலடியிலும் யோகட் கோப்பைகள், சிரட்டைகள், உடைந்த தயிர்ச் சட்டிகள், வாழைத்தடலைச் சுருட்டி ஈர்க்கு குத்திய குழல்கள் வரிசையாக வந்து குந்துகின்றன. வெளிச்சம் போதாத மூலையில் வைத்ததெல்லாம் வெளுத்து நீண்டு வாசல் பக்கம் கழுத்தை வளைக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை தட்டைத் திருப்பி வைக்கிற வேலை பிள்ளைகளுக்கு.

வயல் மண்ணைக் கோப்பையில் போட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு யோகட் கோப்பை போதும். களியை உலர்த்தி, உதிர்த்து, அரித்து நிரப்பி, அடியில் துளையிட்டு, மேலே தண்ணீர் விடுகிறோம். தண்ணீர் முதலில் தேங்கி நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். துளையால் சில சொட்டு விழுந்து நின்றுவிடும். மறுநாள் மேற்பரப்பு விரல் வைத்தால் வழுக்கும் ஒரு தோலாக மாறியிருக்கும். சில நாளில் அதன்மேல் பாசி படரும். மூக்கருகே கொண்டுபோனால் வற்றிய குளத்தின் நெடி. தப்பித்தவறி ஒரு பகல் வெயிலில் விட்டுவிட்டால் அதே களி கோப்பைச் சுவரை விட்டு விலகிச் சுருங்கி வெடிக்கும். அடுத்து விடும் தண்ணீர் முழுவதும் அந்த இடுக்கால் ஓடிப்போக, உள்ளே விதை கிடக்கும் இடம் மட்டும் காய்ந்தபடி இருக்கும். ஆனால் பத்தடி தள்ளிக் கிணற்றடியில், யாரோ பிழிந்தெறிந்த தக்காளியிலிருந்து தானாக முளைத்த கன்றுகள் கும்பலாக நிற்கின்றன. அதே மண், அதே விதை. உம்மம்மா காலத்தில் கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டிச் சீலைத்துண்டில் முடிந்து அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருப்பார்கள். காலம் வந்ததும் அதை அவிழ்த்து, வாழைப்பாத்தி ஓரத்தில் சிதறிவிட்டுப் போய்விடுவார்கள். நாற்றுக்கென்று தனியாக ஒரு மண் அவர்களுக்கு இருந்ததில்லை. நிலத்தில் சரியாக நடந்தது கோப்பையில் நடக்காமல் போவது ஏன் என்பதற்கான விடை மிகவும் எளியது. அது எனக்குப் பிடிபட்ட நாளிலிருந்து மண்ணைப் பற்றி யார் பேசினாலும் என் காது வேறு விதமாகக் கேட்கத் தொடங்கிவிட்டது.

நிலத்தில் தண்ணீர் கீழே இறங்குவது, கீழே இருக்கும் மண்ணும் அதை இழுப்பதால். ஒவ்வோர் அங்குலத்தையும் அதற்கு அடியில் உள்ள அங்குலம் இழுக்கிறது. அப்படித் தண்ணீர் விலகிய துளைக்குள் மேலிருந்து காற்று நுழைகிறது. கோப்பையின் அடியில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. துளைக்கு வெளியே இருப்பது காற்று, அது தண்ணீரை இழுக்காது. மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்திருக்கும் பலம் அந்தத் தண்ணீரின் பாரத்தை மிஞ்சி நிற்கும்வரை ஒரு சொட்டும் வெளியேறாது. அதனால் துளையிட்ட எந்தப் பாத்திரத்தின் அடியிலும் ஒரு நீர்ப்படை நிரந்தரமாக நிற்கிறது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது பாத்திரமல்ல, உள்ளே இருக்கும் பொருளின் துளைப் பருமன். பருமணலில் அது சிறிது. களியில் அது கோப்பையின் உயரத்தையே தாண்டிவிடும். பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதை நிமிர்த்திப் பிடித்தால் மீண்டும் தண்ணீர் வடியும். பஞ்சு மாறவில்லை, தண்ணீர்ப் பத்தியின் உயரம்தான் மாறியது. அடியில் ஓட்டுத் துண்டும் கூழாங்கல்லும் போட்டால் நீர் வடியும் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குள் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. கல் போட்ட உயரத்துக்கு நீர்ப்படை மேலேறி, வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்தக் காரியத்தைத் தடுக்க எனக்கு இன்னும் நா எழுவதில்லை. ஆனால் விடயம் இதுதான்: அள்ளியெடுத்த கையோடு மண் தன் ஆழத்தை இழந்துவிடுகிறது. நிறமும் மணமும் பெயரும் அப்படியே இருக்கும், ஆழம் இருந்தபோது அது செய்துவந்த வேலையை மட்டும் அதனால் செய்ய முடியாது.

இதற்கு எதிராக நானே ஒரு சாட்சியைக் கொண்டுவர வேண்டும். பரசூட் முறையில் நெல் நாற்று வளர்க்கும் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் 434 குழிகள். ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. அதற்குள் நிரப்புவது வயல் சேற்றைத்தான். ஒரு பிடி சேற்றைவிடக் குறைந்த சேற்றில் நெல் முளைத்து, பச்சைக் கம்பளமாக எழுந்து நிற்கிறது. பிறகு அதை வாரி வயலுக்குள் வீசுகிறார்கள். வேரோடு ஒட்டிய சேற்றின் பாரத்தால் அது நிமிர்ந்து விழுகிறது. அங்கே நீர்ப்படை ஒரு குறையே அல்ல. நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்று செல்லும் அறைகள் உண்டு. ஒக்சிசன் குறைந்த தண்ணீருக்கடியிலும் அது முளை விடும். கொச்சிக்காய்க்கு அந்த வசதி இல்லை. விதை வீங்கி விழிக்கிற நேரத்தில் அதற்கு வெளியிலிருந்து சாப்பாடு தேவையில்லை, சோறு அதன் உள்ளேயே கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சோற்றை எரித்து வளர ஒக்சிசன் வேண்டும். சேற்றுக்குள் அது கிடைக்காவிட்டால் தன் சோற்றின் மேலேயே கிடந்து அழுகிப்போகும். எங்கள் ஊர்க்காரரின் மண் ஞானம் முழுவதும் நெல்லிடம் படித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உழுது, மிதித்து, நீர் இறங்காதபடி சேறாக்கி வைப்பதே இங்கே நல்ல விவசாயம். அந்தக் கண்ணோடு கொச்சிக்காயைப் பார்ப்பவருக்கு அது நோஞ்சான் பயிராகத்தான் தெரியும்.

இந்த வயல்களில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் வந்து அதிக காலமாகவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட பிறகுதான் வாய்க்கால்கள் இந்தப் பக்கம் நீண்டன. 4ஆம் கொலனி, 5ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று எண்களால் அழைக்கப்படும் ஊர்கள் அப்படி வந்தவை. மணலில் தென்னையும் கடலில் மீனுமாக இருந்த கரையோரத்துச் சனங்களும் களிமண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். எந்த மண்ணும் வந்தவுடன் யாருக்கும் சொந்தமாகிவிடுவதில்லை, அதோடு பழகப் பல போகங்கள் எடுக்கும். சவளக்கடையில் ஒரு வயோதிபரோடு பேசிப் பாருங்கள், எந்த வரம்புக்கு அப்பால் உவர் தலைகாட்டும், எந்த வட்டையில் தண்ணீர் வடிய இரண்டு நாள் கூடுதலாக எடுக்கும் என்று சொல்வார். அவர் அறிந்து வைத்திருப்பது மண் இருக்கும் இடத்தை, அதன் சரிவை, அயலை, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை. அதிலிருந்து ஒரு கோப்பை அள்ளிக் கொடுத்தால் அவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது.

பிறகு மண்ணை அதன் இடமறியாமல் பேசும் காலம் ஒன்றும் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் மண் என்ற சொல் ஓயாமல் ஒலித்தது. மண்ணுக்குத் திரும்புவோம், மண்ணே எல்லாம் தரும் என்றார்கள். பெரும்போகத்துக்கு உழுதுவிட்டு உரத்துக்கு அலைந்தவர்களிடம்தான் அதைச் சொன்னார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது, நெல் மஞ்சளித்து நின்றது. அடுத்த ஆண்டு, 2022 ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்தறியாத எத்தனையோ பேர் அந்த வெள்ளிகளில் முதன்முதலாக விதை போட்டார்கள். கோப்பைகளில் களியை நிரப்பி, அழுகிய நாற்றுகளைப் பார்த்துத் தங்கள் கை ராசியில்லாத கை என்று கவலைப்பட்டவர்களை நான் அறிவேன். அவர்களுடைய கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. மண்ணை ஓர் அருளாகப் பேசிய எவரும் அதை எப்படி வைத்தால் அது மண்ணாக இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பசி வாசலில் நின்ற காலத்தில் அந்தப் பேச்சு பேசப்பட்ட விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. என் உறுத்தலில் ஒரு பாதி அங்கிருந்து வருகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுபாதி அந்த “ஒண்டுமில்ல” என்ற சொல்லிலிருந்து வருகிறது. ஒன்றுமில்லாததை நோக்கிய இந்தப் பயணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930களில் இலண்டனுக்கு அருகில் மேர்ட்டனில் இருந்த ஜோன் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பிரிமுலா செடியை வைத்துப் பாரம்பரியவியல் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒவ்வொரு நாற்றும் ஒரு பதிவு, ஒரு நாற்று அழுகினால் கணக்கில் ஒரு எண் காணாமல் போகும். நாற்றுகளோ கூட்டம் கூட்டமாகச் செத்தன. வில்லியம் லோரன்ஸ், ஜோன் நியூவெல் என்ற இருவர் அதற்கு வழி தேடி, புல்தரையை வெட்டி அடுக்கி மக்கவைத்த மண்ணை நீராவியில் வேகவைத்து, அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு பீற், ஒரு பங்கு மணல் என்று கலந்து விதைக் கலவை ஒன்றை அமைத்தார்கள். உலகெங்கும் தோட்டக்காரரின் கைக்கு நிறுவனத்தின் பெயரோடேயே அது போய்ச் சேர்ந்தது. அங்கே மண் இன்னும் இருந்தது, வெந்த மண்ணாக இருந்தது. 1957இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கென்னத் பேக்கர் பதிப்பித்த கையேடு மண்ணையே விட்டுவிட்டு மணலும் பீற்றும் போதும் என்றது. 1960களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் மணலையும் விட்டுவிட்டுப் பொரித்த கனிமங்களை பீற்றோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு படியிலும் மண் குறைந்துகொண்டே வந்தது, நாற்றுகள் சாவதும் குறைந்துகொண்டே வந்தது. இந்த இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதற்காக மட்டும் வருந்துவது நேர்மையாகாது. பீற் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மக்காமல் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் படிந்து உருவானது. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 வீதம் மட்டுமே அப்படிப்பட்ட நிலம், ஆனால் அதற்குள் புதைந்திருக்கும் காபனின் அளவு உலகின் காடுகள் அனைத்தின் மரஞ்செடிகளிலும் இருப்பதைவிட அதிகம். அதை வெட்டி எடுப்பது தவறு என்ற உணர்வு அந்த நாடுகளில் வலுத்தபோதுதான், தும்பு ஆலைகளின் பின்புறம் மலைமலையாகக் கேட்பாரற்றுக் கிடந்த தும்புத் தூளுக்கு மதிப்பு வந்தது. குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்தில் அது உலர்த்தப்பட்டு, கட்டியாக அமுக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. அதில் ஒரு கட்டி லொறியேறி எங்களிடமும் வருகிறது.

வாளித் தண்ணீரில் அந்தக் கட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்கு அலுக்காத காட்சி. முதலில் ஓரங்கள் கருக்கும், பிறகு ஒரு பொருக்கு விடும், பிறகு முழுவதும் மூச்செடுத்ததுபோல் பொங்கி வாளியின் விளிம்புக்கு வரும். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை அது குடிக்கும். ஒவ்வொரு துகளின் உள்ளேயும் இருக்கும் நுண்ணறைகள் தண்ணீரைப் பிடிக்கின்றன, துகளுக்கும் துகளுக்கும் நடுவிலுள்ள பெரிய இடைவெளிகளில் காற்று நிற்கிறது. நிலத்தில் மண் தன் ஆழத்தால் சாதிப்பதை இந்தத் தூள் தன் உள்ளமைப்பால் நாலு அங்குலக் கோப்பைக்குள்ளேயே சாதித்துவிடுகிறது. அதனால்தான் அது வெல்கிறது. ஆனால் அதைக் கழுவிய தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். தேயிலைச் சாயம்போல் சிவந்திருக்கும். மட்டையில் இருந்த உப்பு அதில் கரைந்திருக்கும். சரியாகக் கழுவாத தூளில் முளைத்த கொச்சிக்காய் நாற்றின் வித்திலை நுனி தீய்ந்திருப்பதைக் கண்டால் காரணம் தேட வேண்டியதில்லை. உப்பு என்றால் இந்தக் கரைக்கு வேறொரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கடல் திரும்பிப் போன பிறகும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கிணறுகளில் உப்பு தங்கிவிட்டது. இறைத்து இறைத்துப் பார்த்தும் அது இலேசில் போகவில்லை. விதைக்கு அருகில் உப்பு இருந்தால் தண்ணீர் இருந்தும் விதையால் அதைக் குடிக்க முடியாது. ஆலைக்காரர் கழுவித்தான் அனுப்புகிறார்கள், ஏற்றுமதித் தரத்துக்குக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்தும் எடுக்கிறார்கள். அவ்வளவு நல்ல தண்ணீர் செலவாகித்தான் அந்தத் தூள் ஒன்றுமில்லாததாக ஆகிறது. வெறுமை இயற்கையாக வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, அதைச் செய்து எடுக்க இத்தனை பாடு என்பது ஒரு ஆறுதலாகவும் இருக்கிறது, ஒரு கேள்வியாகவும் இருக்கிறது.

நம்மிடமும் ஒரு சுத்திகரிப்பு முறை உண்டு. நாற்றுமேடை போட்டு, அதன்மேல் வைக்கோலும் உமியும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைப்பது. உமி பற்றி எரியாது, கனன்று கனன்று இராமுழுவதும் உள்ளே இறங்கும். விடியற்காலையில் அந்தப் புகை வீதியில் தாழ்ந்து கிடக்கும், ஈரத் துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். விவசாயத் திணைக்களமும் இதைப் பரிந்துரைக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அரிசி ஆலைகளின் பக்கம் அது குன்றாகக் குவிந்து கிடக்கிறது. முற்றாகச் சாம்பலாக விடாமல் கருகிய பதத்தில் தண்ணீர் தெளித்து நிறுத்தினால் கிடைப்பது உமிக்கரி. யப்பானியர் நெல் நாற்றுப் பெட்டிகளில் இதைக் கலக்கிறார்கள், குன்டான் என்பது அவர்கள் வைத்த பெயர். கறுப்பாக, இலேசாக, கையில் எடுத்தால் நொறுநொறுவென்று இருக்கும். உமியின் சிலிக்கா அதன் வடிவத்தைக் குலையாமல் காப்பதால் படகு போன்ற அந்தச் சிறு கூடுகள் அப்படியே நிற்கும், நடுவில் காற்று நிற்கும். கொஞ்சம் காரத்தன்மை உண்டு, மழைநீரில் ஒருமுறை அலசினால் போதும். இவ்வளவு அருமையான பொருள் ஊருக்குள்ளேயே கிடக்க, நாங்கள் மேற்குக் கரையின் கட்டிக்குக் காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளாமல் இதைத் தாண்டிப்போக முடியாது. மண்ணில் கஷ்டப்பட்டு முளைத்த நாற்று பலமாக இருக்க வேண்டும், வெறும் தூளில் சொகுசாக வளர்ந்தது வயலில் தோற்க வேண்டும் என்று என் மனம் விரும்புகிறது. அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். கஷ்டத்துக்கு ஏதாவதொரு பலன் இருந்தே ஆக வேண்டும் என்று நம்பாமல் இந்தக் கரையில் வாழ்ந்திருக்க முடியாது, அதனால்கூட இருக்கலாம். நாற்றுகள் அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படவில்லை. களிக் கோப்பையில் தப்பிப் பிழைத்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் தடித்த ஒற்றை வேர், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளை. தூளில் வளர்ந்ததைத் தட்டினால் வெண்ணூல் பின்னியதுபோல் வேர்க்கட்டி முழுதாகக் கழன்று வருகிறது. காற்றுக்கு ஏங்கிய வேர் பலப்படுவதில்லை, காற்றுக்கு ஏங்கிய வேராகவே இருக்கிறது. பித்தியமோ ரைசொக்டோனியாவோ போன்ற அழுகல் பங்கசு தாக்கிய தட்டில் எஞ்சிய நாற்றுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் அல்ல. நீர் சற்றுக் குறைவாகப் பட்ட ஓரத்தில் தற்செயலாக நின்றவை அவை. தண்டின் அடியில் நூல்போல ஒரு இடம் மெலிந்து, வித்திலைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே நாற்று சாய்ந்து படுத்திருக்கும் காட்சியில் ஒரு பாடமும் இல்லை.

வெறுமையின் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. வேகவைத்த, எரித்த, கழுவிய கலவை என்றென்றைக்கும் வெறுமையாக இருப்பதில்லை. கழுவாத கையாலோ அழுக்கு வாளியாலோ அழுகல் பங்கசு ஒன்று உள்ளே வந்துவிட்டால், எதிர்த்து நிற்க அங்கே வேறு உயிர் எதுவும் இல்லாததால், சாதாரண மண்ணில் பரவுவதைவிட வேகமாகத் தட்டு முழுவதும் பரவும். பேக்கரின் கையேடும் இந்த ஆபத்தை மறைக்கவில்லை. இன்னொன்று, முதல் சோடி நிஜ இலை விரியும்போது விதை கொண்டுவந்த சோறு தீர்ந்துவிடும். தூளில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாததால் இலை வெளுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் மாட்டெருச் சாற்றையோ, கடையில் வாங்கும் அல்பேர்ட் உரக் கரைசலை நீர் கலந்தோ கொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தூளோடு சேர்த்துக் களிநிலத்தில் நட்ட நாற்று, சுற்றிவர ஈரம் இருக்கவும் நண்பகலில் வாடி நிற்கும். களியின் நுண்துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்திருக்கின்றன, தூளின் பெரிய இடைவெளிகளுக்குள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. வேர் தன் தூள் உருண்டையில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, எல்லையைத் தாண்டிக் களிக்குள் நுழையும்வரை, ஈரத்துக்கு நடுவிலேயே தாகத்தில் இருக்கும். அந்தச் சில நாட்களுக்கு அடியிலேயே காலையும் மாலையும் தண்ணீர் விட்டால் தப்பும். இந்த எல்லையைக் கண்ட பிறகு வெறும் தூளில் நாற்று வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. வெறும் களியில் வளர்க்கவும் வரவில்லை.

இப்போது நான் கலப்பது பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கழுவிய தும்புத் தூள், அதேயளவு நன்றாக மக்கிய கூட்டெரு, மிச்சம் அலசிய உமிக்கரி, கடைசியாக ஒரு பிடி வயல் மண். அந்த ஒரு பிடியில்தான் என் முழு யோசனையும் வந்து நிற்கிறது. நோய் கொண்டுவரும் என்று கன்று விற்பவர்கள் எல்லோரும் தடுக்கிறார்கள். கத்தரியும் தக்காளியும் நின்ற பாத்தியிலிருந்து எடுத்தால் அவர்கள் சொல்வது சரி. ஒரு கன்றைச் சில நாளில் பச்சையாகவே வாட்டிக் கொல்லும் பற்றீரியா அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆனால் போகம் முழுவதும் தண்ணீருக்கடியில் கிடக்கும் நெல்வயலில் அந்த வகை நோய்கள் குறைவு. கத்தரியையும் நெல்லையும் மாற்றி மாற்றிச் செய்பவர்கள் அந்தப் பலனைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அறுவடைக்குப் பிறகு காய்ந்த வயலில், நாற்று போய்ச் சேர இருக்கும் வளவுக்கு மிகக் கிட்டிய வரம்போரத்தில் எடுக்கிறேன். வேர் பிறகு சந்திக்கப்போகும் களியின் துகள்கள் முன்கூட்டியே அதன் பக்கத்தில் இருந்தால் அந்த எல்லையைத் தாண்டுவது இலகுவாகும் என்பது என் ஊகம். ஒரு பிடி அதற்குப் போதுமா, அல்லது என் மனத்தைத் தேற்றுவதற்குத்தான் அதைப் போடுகிறேனா என்பதை அடுத்தடுத்து வைத்த தட்டுகள் இன்னும் தீர்த்துத் தரவில்லை. கொச்சிக்காய், கத்தரி, தக்காளி மூன்றுக்கும் இந்தக் கலவைதான். பயற்றை, வெண்டி, பூசணி, புடோலுக்கு எந்தக் கலவையும் வேண்டாம். அவற்றின் ஆணிவேர் கோப்பைச் சுவரில் முட்டி ஒருமுறை வளைந்துவிட்டால் பிறகு சரியாக இறங்காது, விதையும் மழைத்துளிக்கு அசையாத பருமன். மழை விட்டு, வரம்பில் நடந்தால் காலில் களி ஒட்டாத பதம் வந்ததும், அவற்றை நேரே நிலத்தில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றிவிடலாம்.